அந்த மஞ்சள் புள்ளியை வெட்டியது நான்தான்

டேய்,

இந்த 2025 பிப்ரவரியோடு பத்து வருடம் ஆகிறது. என்ன பத்து வருடம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் ஏன் போனோம், வருவதாகச் சொல்லிவிட்டு யார் வரவில்லை, திரும்பும்போது வண்டியில் ஏன் யாரும் பேசவில்லை, எல்லாம் உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது வேண்டாம். தனியாக எழுதியிருக்கலாமே என்று நினைப்பாய். அந்தத் துருவ ஒளிப் படத்தை ஊர் பார்க்கத்தானே போட்டேன், என் பெயரில். அதைத் திருத்துவதும் ஊர் பார்க்கத்தான் இருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். நார்வேயில் எடுத்ததையெல்லாம் நீ பிரித்து வைத்த ஃபோல்டர்கள் அப்படியே இருக்கின்றன. 'பெர்கன் மழை' என்று ஒன்று. வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊரில் நான் வெயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். நீதான் துறைமுகத்துப் பழைய மரவீட்டு வரிசையான பிரிக்கனுக்கு இழுத்துக்கொண்டு போய், நனைந்த மரச்சுவர்களைக் காட்டி, மேகம் மூடினால்தான் நிழல் விழாது, நிறம் கெடாமல் வரும் என்று சொல்லித் தந்தாய். அடுத்தது 'ஃபின்சே'. 1,222 மீட்டர் உயரத்தில் அந்த ரயில் நிலையத்தில் இறங்கி நான் எடுத்த பனியெல்லாம் சாம்பல் நிறத்தில் விழுந்தது. "கேமராவோட ஒளி மீட்டரை நம்பாதே, அது எல்லாத்தையும் சாம்பலாத்தான் பார்க்கும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் ஏத்து, ரெண்டு மடங்கா" என்றாய். இன்றைக்கும் பனியைப் பார்த்தால் கட்டைவிரல் தானாக வெளிச்சத்தை ஏற்றும் சக்கரத்துக்குப் போகிறது. அதற்கு நன்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி நீயும் நடந்துகொள்ளவில்லை, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். எத்தனை தடவை என் கையிலிருந்து கேமராவை வாங்கி, "இப்படி" என்று நீயே எடுத்துக் காட்டினாய்? "உனக்குக் கண் இன்னும் வரலை" என்று நாலு பேர் முன்னால் சொன்னாய். அந்த நாலு பேரும் இதைப் படிப்பார்கள்.

சரி, அந்தப் படம் எடுத்த எர்ஸ்ஃபியோர்ட்பொட்ன் கிராமத்துக்கு வருகிறேன்.

வடக்கு நார்வேயின் டிரோம்சோவிலிருந்து பாலம் தாண்டிக் குவாலோயா தீவுக்குப் போகிற வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். துருவ ஒளியில் பச்சை ஆக்சிஜனால் வருவது, 100 கிலோமீட்டருக்கும் மேலே. பலமாக வந்தால் மட்டும் பச்சைக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு தெரியும், அது நைட்ரஜன், அதைப் பார்த்துவிட்டால் போதும் என்றாய். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த அந்த ஃபியோர்டின் கரையில் முக்காலியை நட்டாய். ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் வைத்தாய். அப்புறம் அந்த வளையம் நகராமல் இருக்கக் கறுப்பு டேப்பைக் கிழித்து லென்ஸ் மேல் ஒட்டினாய். கையுறையோடு டேப் கிழிக்க வராது என்று இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்திருந்தாய், என்னுடையது மெல்லியது என்று "நீயே போட்டுக்கோ" என்றாய். டேப்பை அழுத்தித் தேய்த்தபோது உன் விரல் நுனிகள் வெள்ளையாக இருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மைனஸ் எட்டோ ஒன்பதோ.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. வடக்கே மங்கலாக ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான். விரல் மரத்துப்போகிறது, வண்டியில் ஹீட்டர் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றாய். "வந்தா அழுத்து, எனக்குக் குரல் கொடு." ரிமோட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாய்.

நீ கதவைச் சாத்தியிருப்பாய், அவ்வளவு நேரம்தான். வானம் கிழிந்த மாதிரி இருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து எழுந்து தலைக்கு மேலே வந்து, காற்றில் திரைச்சீலை ஆடுவது போல் மடிந்து மடிந்து ஓடியது. அடியில் அந்த இளஞ்சிவப்பு. தண்ணீரில் அதே நிறம். நீ ஷட்டரை 8 வினாடிக்கும், ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்திறனை 1600க்கும் வைத்துவிட்டுப் போயிருந்தாய். அந்த வேகத்துக்கு 8 வினாடி வைத்தால் மடிப்பெல்லாம் கலங்கி வெறும் பச்சைதான் மிஞ்சும். நான் 4 ஆக்கினேன், ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினேன். இதை யாரும் எனக்கு அங்கே சொல்லவில்லை. சொல்லித் தந்திருந்தது நீதான், ஆனால் அந்தக் குளிரில் அந்த நொடியில் அதைச் செய்தது நான். கோப்பைத் திறந்து பார், அதில் இருக்கிறது. படம் என்னுடையது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது அந்த 4 வினாடியைப் பிடித்துக்கொண்டுதான்.

ஆனால் உன்னைக் கூப்பிடவில்லை.

மூன்று நிமிடம் இருந்திருக்கும். நீ வந்து பார்த்தபோது எல்லாம் மங்கி, பழைய பச்சைக் கோடு மட்டும் இருந்தது. "குரல் கொடுத்திருக்கலாமேடா" என்றாய். "கொடுத்தேன், கண்ணாடி ஏத்தியிருந்ததால கேட்கலை போல" என்றேன். பொய். வாய் திறக்கவே இல்லை. கூப்பிட்டிருந்தால் நீ ஓடி வந்து "இப்படி" என்று ரிமோட்டை வாங்கியிருப்பாய். அந்த ஒரு தடவை என் கையிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ திரையைப் பார்த்துவிட்டு "நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னாய். மூன்று வருடத்தில் நீ என் படம் ஒன்றை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தின் இடது ஓரத்தில், கீழே, மஞ்சளாக ஒரு புள்ளி இருந்தது. வண்டியின் உள்விளக்கு. கண்ணை உறுத்துகிறது என்று வெட்டினேன். உன் கேமரா ஒவ்வொரு கோப்பிலும் உன் பெயரைப் பதிந்துவிடும், நீ போட்டு வைத்த அமைப்பு அப்படி. வெளியே அனுப்பும்போது அந்தத் தகவலைச் சேர்க்காமல் அனுப்பினேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல ஆசைதான். அது ஒரு நாட்காட்டியில் பிப்ரவரி மாதத்துப் படமாக வந்தது. அதில் கிடைத்த பணத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், உனக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். நீயோ அறையைக் காலி செய்துவிட்டு நாட்டை விட்டே போனாய், அதை நான் வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மூன்று வருடம் ஒரே சமையலறை. ஒரு படத்துக்காகவா போனாய், இல்லை வேலைக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைத் தெரியவிடாமல் வைத்தது நீ. அந்தக் கணக்கு என்னுடையதோடு சேராது.

2024 மே 10 அன்று உலகின் பல இடங்களில் துருவ ஒளியால் வானம் நிறம் மாறியதே, லடாக்கின் ஹான்லேயில்கூடச் சிவப்பொளி பதிவானதே, அன்றைக்கு எல்லாரும் கைப்பேசியிலேயே எடுத்துத் தள்ளினார்கள். நான் உன் பக்கத்தைத்தான் திறந்து திறந்து பார்த்தேன். நீ எதுவும் போடவில்லை. எங்கேயாவது வெளியே நின்று பார்த்தாயா, யாராவது உனக்குக் குரல் கொடுத்தார்களா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். ஒன்பது மாதம் ஓடிவிட்டது.

இன்று காலை பழைய படத்தை எடுத்துவிட்டு, வெட்டாத முழுப் படத்தைப் போட்டுவிட்டேன். உன் பெயர் முதலில், அப்புறம் என்னுடையது. மஞ்சள் புள்ளி இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்த மாதிரி கறுப்பாக ஏதோ தெரிகிறது. உன் தலையா, இருக்கையின் மேல்பகுதியா, பத்துப் பதினைந்து பிக்சலை வைத்துச் சொல்ல முடியவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டிருந்திருப்பாய்.

உன் முக்காலி அடித்தளத்து ஸ்டோர் ரூமில் இருக்கிறது. நடுக்காலில் நீ சுற்றிய டேப் இன்னும் பிரியவில்லை. கையுறையும் என்னிடம்தான். எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்.