கதவில் அப்பாவின் பெயர்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி
26 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. டிசம்பர் 9 என்று தேதி போட்டிருக்கிறீர்கள், என் கைக்குக் கிடைத்தது போன வியாழக்கிழமைதான். தபால்காரர் மேல் தப்பில்லை. கவரில் முத்துச்செல்வி என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். இங்கே பெரும்பாலும் வீட்டுக்குத் தனி நம்பர் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அதன்பிறகு பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயர், அவ்வளவுதான். என் பெட்டியில் ஆறுமுகம் என்றுதான் இருக்கிறது. கீழே அழைப்புமணியிலும் அதேதான். அதனால் கடிதம் பெட்டிகளுக்கு மேலேயே கிடந்திருக்கிறது. கீழ்வீட்டுப் பாட்டி எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் இந்திய ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு நேரே என் கதவைத் தட்டினார். பேரனுக்கு அந்த ஸ்டாம்ப் வேண்டும் என்றார், கவரோடு கொடுத்துவிட்டேன். கடிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

போனில் நல்லா இருக்கேன்பா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வருவதில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். டூட்டிக்கு நடுவில் பேசினால் அப்படித்தான் ஆகிறது, டூட்டி முடிந்து வந்தால் அங்கே நீங்கள் தூங்கியிருப்பீர்கள். இன்று ஞாயிறு, கடை எல்லாம் அடைப்பு, எனக்கும் லீவு, காலையிலிருந்து இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் எழுத்து முன்பெல்லாம் கோடு போட்ட மாதிரி இருக்கும், இதில் வரி கீழே கீழே இறங்குகிறது. கண்ணைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். தங்கச்சி சுதாதான் இதை வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது பெயருக்குப் பின்னால் உங்கள் பெயர் வேண்டும் என்றதற்கு, "எம்பேரு எதுக்கு அதுல, நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போனா மாத்தணும்லா" என்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே வார்டில் என் பெயர் யாருக்கும் தெரியாது. டாக்டர், நோயாளி, சமையல்கட்டு ஆள், எல்லோருக்கும் நான் ஃப்ராவ் ஆறுமுகம்தான். ஃப்ராவ் என்றால் அம்மணி மாதிரி ஒரு மரியாதைச் சொல். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது உங்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். வந்த புதிதில் யாராவது தாழ்வாரத்திலிருந்து கூப்பிட்டால், யாரோ உங்களைத்தான் தேடுகிறார்கள் என்று ஒரு நொடி தோன்றும்.

குளிரைப் பற்றி அம்மா கேட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்குள் குளிர் இல்லை, ஹீட்டர் இருக்கிறது. வெளியே போன வாரம் பூஜ்யத்துக்கும் கீழே போனது. குளிரைவிட இருட்டுதான் கஷ்டம். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே சூரியன் இறங்கிவிடும், ஆறு மணிக்குத் தொடங்குகிற காலை டூட்டி என்றால் இருட்டில் போய், டூட்டி முடிந்து கொஞ்ச நேரம் வெளிச்சத்தைப் பார்ப்பதோடு சரி. கீழ்வீட்டுப் பாட்டி ஒரு விதமானவர். உறையும் குளிரிலும் காலையில் பத்து நிமிஷம் ஜன்னலை அகலத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்று எனக்குப் பாடமே எடுத்தார். இந்தப் பக்கத்தில் கேர்வோஹெ என்று ஒரு முறை உண்டு, பெருக்கும் வாரம் என்று அர்த்தம். மாடிப்படியையும் நடையையும் வீட்டுக்கு ஒரு வாரம் முறை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். முறை வந்தால் கதவில் ஒரு சின்ன அட்டையை மாட்டிவிட்டுப் போவார்கள். முதல் தடவை நான் வெறுமனே பெருக்கிவிட்டு வந்தேன், பாட்டி பேசாமல் வாளியும் துணியும் கொண்டுவந்து ஒவ்வொரு படியாகத் துடைத்துக் காட்டினார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆச்சி வாசல் தெளிக்கிற மாதிரியே குனிந்து துடைக்கிறார். ஒருநாள் சாம்பார் வாசனைக்கு வந்து நின்றார், திட்டப்போகிறார் என்று பயந்துவிட்டேன். பார்த்தால் இந்த ஊர்க்காரர்களின் சொந்தச் சாப்பாடே பருப்புதானாம். லின்சன் என்று பெயர், வினிகர் ஊற்றி, ஸ்பெட்ஸ்லே என்கிற மாவுப் பண்டத்தோடு சாப்பிடுவார்கள். என் சாம்பாரை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, புளிப்பு சரியாக இருக்கிறது என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமை அவருக்கும் ஒரு கிண்ணம் போகிறது.

வேலையைப் பற்றி. நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் இங்கே நர்ஸ் வேலை. சொந்தக்காரர்கள் யாரும் கூட வந்து தங்குவதில்லை. ரத்தம் எடுப்பது, ஐ.வி. போடுவது பெரும்பாலும் டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஏழு வருஷம் ஐ.சி.யூ.வில் நின்ற எனக்கு முதலில் அது ஒரு மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது. என் படிப்பை முழுதாக அங்கீகரிக்க மே மாதம் ஒரு தேர்வு இருக்கிறது, அதுவரை உதவியாளர் சம்பளம்தான். பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், சமாளித்துக்கொள்கிறேன். உள்ளூர் பஸ், ரயிலுக்குச் சேர்த்த மாதச் சீட்டு இந்த 2025 ஜனவரியில் 49 யூரோவிலிருந்து 58 ஆகிவிட்டது, நான் நடந்தே போகிறேன், நாற்பது நிமிஷம்தான், நடப்பது உடம்புக்கும் நல்லது. அம்மா வளையலுக்கு வட்டி மட்டும் கட்டி மார்ச்சில் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். மே தாண்டியதும் மீட்டுவிடலாம்.

சுதா, இனி உனக்கு. நிதானமாக வாசி, அப்பாவுக்கும் கேட்கும்படி.

ஜெர்மன் மொழி பி2 தேர்வுக்குப் படித்துக்கொண்டே மற்ற வேலைகளையும் ஆரம்பித்துவிடு, ரிசல்ட் வரட்டும் என்று இருக்காதே. முதல் வேலையாகக் கல்லூரிக்குப் போய், ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி எத்தனை மணி நேரம், எந்த வார்டில் பிராக்டிகல் எத்தனை மணி நேரம் என்று விவரமாகப் போட்டு முத்திரை வைத்து வாங்கு. மார்க்‌ஷீட்டை விட இவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கல்லூரியில் மொத்த மணி நேரத்தை மட்டும் போட்டுக் கொடுத்தார்கள், திரும்ப வாங்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் சென்னை ஹாஸ்டல் வாடகை ஓடியது. உன் மார்க்‌ஷீட்டில் ஏ. சுதா, நர்சிங் கவுன்சில் பதிவில் சுதா ஏ., பாஸ்போர்ட்டில் சுதா ஆறுமுகம். நமக்கு இனிஷியல் என்றால் புரியும், இவர்களுக்கு அது மூன்று ஆள். எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு அஃபிடவிட் எடுத்து வைத்துக்கொள். அப்போஸ்டில் (வெளிநாட்டுக்குச் சான்றிதழில் போடுகிற அரசு முத்திரை), அது இது என்று யாராவது பணம் கேட்டால், இங்கே அங்கீகரிக்கிற அலுவலகத்தில் அது வேண்டுமா என்று எழுதிக் கேட்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. மொழிபெயர்ப்புக்கும் அப்படித்தான், யார் செய்ததை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடு.

தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கு எழுத்தில் சான்று வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை செய்ய 2020 மார்ச்சிலிருந்து இங்கே சட்டமே அப்படி. சின்ன வயதில் போட்டது என்று சொன்னால் எடுபடாது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் நம் தடுப்பூசி அட்டை இருக்கும், தேடு, இல்லையென்றால் இப்போதே போட்டுக் கையெழுத்து வாங்கு. பல்லில் வேலை இருந்தால் அங்கேயே முடி. கண்ணாடி இரண்டு செட் செய்துகொள். இங்கே டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்கே நாள் ஆகும்.

பெட்டியில் அரிசி, பருப்பு வைக்காதே, எல்லாம் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இங்கே கடை வைத்திருக்கிறார், பொன்னி அரிசியும் நல்லெண்ணெயும் வாங்குவது அவரிடம்தான். போனாலே "என்ன பிள்ளை, சாப்பிட்டனீங்களோ" என்று கேட்பார், அதைக் கேட்கவே சில நாள் போவேன். பால், இறைச்சி சேர்ந்த எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது. பால்கோவாவும் நெய்யும் வேண்டாம், அம்மா எவ்வளவு சொன்னாலும் வைக்காதே. மோர் மிளகாயும் தயிர் சேர்ந்ததுதான். பச்சைக் கறிவேப்பிலையையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், பொடியாக அரைத்துக் கொண்டு வா. இட்லிப் பொடி, சுண்டைக்காய் வற்றல் போதும். குக்கர் வாங்குவதற்கு முன் உனக்குக் கிடைக்கிற வீட்டில் என்ன அடுப்பு என்று கேள். இண்டக்‌ஷன் என்றால் சாதாரண அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. மிக்ஸி ஓடும், கரன்ட் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். குளிருக்குத் தடித்த கோட்டை அங்கே வாங்கிப் பணத்தைப் போடாதே, இங்கே வந்து வாங்கலாம், பனியனும் நைட்டியும் மட்டும் நிறைய எடுத்துக்கொள். மாவு புளிப்பதுதான் பெரிய பாடு. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி வைத்தால் பொங்கும்.

வகுப்பில் கேட்கிற ஜெர்மனை நம்பி வந்து முதல் நாள் பயந்துவிடாதே. இந்தப் பக்கம் கிழவிகள் பேசுவது ஸ்வேபிஷ் என்கிற வட்டாரப் பேச்சு. பிஸ்ஷென் என்று நாம் படித்தது பிஸ்லே ஆகிவிடும், நிஷ்ட் என்பது நெட் ஆகிவிடும். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சென்னைக்காரர்கள் முழிப்பார்களே, அப்படித்தான். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் பதிய மாட்டார்கள், சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கு.

அப்பா, இனி உங்களுக்குத்தான். சுதா பயணத்துக்காக வடக்கு வயலை விற்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். நர்ஸுக்கு இங்கே ஆள் பற்றாக்குறை, வகுப்புச் செலவும் டிக்கெட்டும் தருகிற ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் ஜெர்மன் பயிற்சி கொடுத்து நர்ஸ்களை அனுப்புகிறது, அங்கே போய்க் கேட்கச் சொல்லுங்கள். நான் விசாரிக்காமல் ஏஜென்டுக்குக் கட்டினேன், அதைத்தான் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன். இடையில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கும், அந்தப் பக்கத்தைப் படிக்காமல் அவள் கையெழுத்துப் போட வேண்டாம், எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெரியப்பா வரப்பைத் தள்ளிப் போட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், சர்வேயருக்கு மனுக் கொடுத்து அளந்து கல் நடுங்கள். அளக்காமல் விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்பார்கள்.

பொங்கல் அன்று எனக்கு டூட்டி. வந்து சின்னக் குக்கரில் வெல்லம் போட்டுப் பொங்கினேன், பொங்கும்போது சொல்ல ஆள் இல்லை, நானே மெதுவாகச் சொல்லிக்கொண்டேன். எந்த நேரம் கடிகாரத்தைப் பார்த்தாலும் கூட நாலரை மணி நேரம் கூட்டிப் பார்க்கிறேன். நான் நாலரைக்கு எழுந்தால் அங்கே ஒன்பது, நீங்கள் மடையைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் கால் கழுவுகிற நேரம். சில நாள் அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்காகவே ஊருக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறது அப்பா. சரி, அதை விடுங்கள்.

கண். பிசான நெல் அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். திருநெல்வேலி அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போய்க் காட்டுங்கள், புரை என்றால் காலையில் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். போகும் முன் சர்க்கரை அளந்துகொண்டு போங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். செய்தபிறகு அவர்கள் சொல்கிற நாள்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, நெல் மூட்டை தூக்கக் கூடாது, களத்துத் தூசிப் பக்கமே போகக் கூடாது. சொட்டு மருந்தை நேரத்துக்கு அம்மா போடட்டும். சித்தப்பா மகனிடம் வண்டிக்கு நான் பேசிவிட்டேன், செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வருவான். அறுப்புக்கு அத்தான் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த கடிதத்தை நீங்களே எழுதுங்கள், கண் சரியானபிறகு. கவரில் முத்துச்செல்வி ஆறுமுகம் என்று முழுதாகப் போடுங்கள்.

அன்புடன்,
செல்வி

பின்குறிப்பு: அம்மா, டிரங்குப் பெட்டியில் தடுப்பூசி அட்டை பச்சை நிறக் கவரில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கும். கிடைத்தால் சுதாவைப் போட்டோ எடுத்து இன்றே அனுப்பச் சொல்.