இன்ஜின் இல்லாமல் காத்திருக்கும் தேஜஸ்

ஆசிரியருக்கு,

நம் விமானப்படையின் மிக்-21 போர் விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற செய்தி மனதைக் கனக்கச் செய்தது. 1963-இல் அவை முதன்முதலில் படையில் சேர்ந்ததும் அதே ஊரில்தான். 1971 போரில் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியவை அவை. ஆனால் 62 ஆண்டுகள் அவற்றையே ஓட்டவைத்தது பெருமையல்ல. மாற்று விமானம் உரிய காலத்தில் வரவில்லை. அதற்கு எத்தனை இளம் விமானிகளின் உயிர் போயிற்று!

இப்போது 42 போர் விமானப் படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் 29 மட்டுமே உள்ளன. உள்நாட்டிலேயே தயாராகும் தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்கள் 83-க்கு 2021-இலேயே ஒப்பந்தம் போட்டாயிற்று. 2024-இல் வரத் தொடங்க வேண்டியவை, அமெரிக்காவிலிருந்து எஃப்-404 இன்ஜின் வரத் தாமதமானதால் தள்ளிப்போயின. 2025 செப்டம்பரில் மேலும் 97-க்கு ஒப்பந்தம். இன்ஜினுக்கு இன்னும் எத்தனை நாள் பிறர் கையை எதிர்பார்ப்பது? 1980-களில் தொடங்கிய உள்நாட்டுக் காவேரி இன்ஜின் திட்டத்துக்கு அன்றே போதிய நிதியும் சோதனை வசதியும் தந்திருக்க வேண்டும்.

சூலூர்த் தளத்திலிருந்து தேஜஸ் கிளம்பும் சத்தம் கேட்டாலே என் பேரன் மாடிக்கு ஓடுவான். விமானப்படையில் சேர ஆசைப்படுகிறான். எத்தனை விமானங்கள் எந்த மாதம் ஒப்படைக்கப்படும் என்பதை ஒவ்வொரு நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலும் பாதுகாப்பு அமைச்சகம் தெரிவிக்க வேண்டும்.

- ஒரு வாசகர், சூலூர்