பார்க்காமலே எடுத்த வேன்

அன்புள்ள மாப்ளே,

பொங்கல் வாழ்த்துக்கு அப்புறம் என்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக நம் சிநேகிதன் தாடி சொன்னான், ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குப் பல்லில் கம்பி கட்டியாகிவிட்டது. சின்னவன் இன்னும் தமிழில் திட்ட மட்டும்தான் கற்றிருக்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வேன் வாங்கிவிட்டேன். ஏலத்தில். கண்ணால் பார்க்காமல்.

தாடிக்குப் போனில் சொன்னபோது, "பார்க்காமலே எடுத்தோமே, அந்த வார்டன் ஸ்கூட்டர் மாதிரியா?" என்று கேட்டுவிட்டு அரை நிமிஷம் சிரித்தான். நீயும் அதைத்தான் கேட்பாய். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். இந்த வண்டியைப் பற்றி அவனிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, உன்னிடம் சொன்னால்தான் புரியும்.

1998 மாடல் செவ்ரலே எக்ஸ்பிரஸ் 1500. வி-8 எஞ்சின், 5.7 லிட்டர். ஆனால் செவ்ரலே என்பது பாதிக் கதைதான். இங்கே அமெரிக்காவில் 'கன்வெர்ஷன் வேன்' என்று ஒரு இனமே உண்டு. கார் கம்பெனி வேனை வெறும் தகரப் பெட்டியாக அனுப்பும், முன்னால் இருக்கிற சீட்டைத் தாண்டினால் உள்ளே ஒன்றும் இருக்காது. அதை வேறொரு பட்டறை வாங்கி, கூரையை அறுத்து எடுத்துவிட்டு உயரமான ஃபைபர் கூரையை வைக்கும். பக்கத் தகட்டை வெட்டிப் பெரிய பெரிய கண்ணாடி போடும். உள்ளே ராஜா மாதிரி நாலு நாற்காலி, பின்னால் பொத்தானை அமுக்கினால் கட்டிலாகிற சோபா, ஓக் மரப் பட்டை, ஜன்னலுக்குக் குட்டிப் பட்டைத் திரை, கூரையோரம் மறைவிளக்கு, டிவி, கேசட் போட்டுப் படம் பார்க்கும் பெட்டி. எழுபதுகளில் இளவட்டங்கள் உள்ளே முழுக்கக் கம்பளம் ஒட்டி, வெளியே படம் வரைந்துகொண்டு திரிந்த மோகம் அது. எண்பதுகளில் அதுவே குடும்ப வண்டியாகிவிட்டது. அப்புறம் மினிவேன் வந்தது, எஸ்யூவி வந்தது, இதைக் கேட்க ஆள் இல்லாமல் போனது.

இப்போது சொல், இது யார் வேலை? சேசிஸ் என்கிற வெறும் அடிச்சட்டத்தை வாங்கி மேலே பஸ் பாடி கட்டுகிற வேலைதானே? தலையில் ஹெல்மெட்டும் கண்ணில் தூசியுமாக வெறும் லேலண்ட் சேசிஸை ஓட்டிக்கொண்டு உன் பட்டறை வாசலில் வந்து நிற்பார்களே, அதே தொழில். பாடி கட்டுவதற்கு நம்மூரில் கரூர் மாதிரி இங்கே இருக்கிற ஊர் இண்டியானா மாநிலத்தில். எல்கார்ட் என்று ஊர் பெயர். என் வண்டியும் அங்கே கட்டினதுதான். டிரைவர் கதவு நிலையில் இரண்டு ஸ்டிக்கர் இருக்கிறது. ஒன்று கார் கம்பெனி ஒட்டியது. அதன் கீழே இரண்டாவது: இந்த வண்டியை இன்னார், இந்த மாதம் மாற்றிக் கட்டினார்கள், மாற்றினபிறகும் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதே என்று. இப்படி ஒட்டியே ஆகவேண்டும் என்பது இங்கே சட்டம். பஸ் பாடி கட்டுவதற்கான நம்மூர் விதி ஏஐஎஸ் 052 பற்றி ஒரு ராத்திரி முழுக்க என்னிடம் புலம்பினாயே, உனக்கு இங்கேயும் தூக்கம் வராது.

ஏலத்துக்கு வருகிறேன். வண்டி நின்றது ஜார்ஜியாவில், அட்லாண்டா பக்கம். நான் இருப்பது ஓஹையோவில், டொலிடோவில். நடுவில் ஒரு முழுப் பகல் ஓட்டம். போய்ப் பார்த்திருக்கலாமே என்பாய். போயிருந்தாலும் வேலிக்குள் சுற்றிவரலாம், சாவி கொடுக்க மாட்டார்கள், ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். அதைவிட, தெற்கத்தி வண்டி என்பதே எனக்குப் பாதி பரிசோதனை. எங்கள் பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள், அது வண்டியின் அடிவயிற்றைத் தின்றுவிடும். இந்த வேன்களில் பக்கவாட்டில் நீளமாக ஒரு ஃபைபர் படி இருக்கும், துரு முழுக்க அதற்குப் பின்னால் மறைந்திருக்கும். இங்கே பக்கத்திலேயே ஒரு வேன் விற்பனைக்கு இருந்தது, பளபளவென்று. குனிந்து படிக்குள் கையை விட்டேன். கருவாடு மாதிரி தகரம் உதிர்ந்து கையோடு வந்தது. பார்த்து வாங்குவதன் லட்சணம் அது.

டீலர்கள் மட்டும் கூடுகிற ஏலங்களில் விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் எஞ்சின், கியர் பெட்டிக்கு விற்பவன் பொறுப்பு. மஞ்சள் என்றால் ஏதோ குறை இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டான். சிவப்பு என்றால் உள்ளது உள்ளபடி, எடுத்தால் எடு, அப்புறம் பேச்சில்லை. நீலம் எரிந்தால் வண்டியின் உரிமைப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. நான் எடுத்த இடத்தில் அந்த விளக்கெல்லாம் கிடையாது. எல்லாமே சிவப்புதான் என்று வைத்துக்கொள். 'ஓடும், நகரும்' என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அதற்கு அர்த்தம், வண்டி அவர்கள் வாசலுக்கு வந்த அன்றைக்கு ஸ்டார்ட் ஆனது, கியர் விழுந்தது, நகர்ந்தது என்பதுதான். நீ எடுக்கப்போகிற அன்றைக்கு என்ன ஆகும் என்று அந்த வரி சொல்லவே இல்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளை எழுதின வாக்கியம்.

அதனால் அந்த வரியை விட்டுவிட்டுப் போட்டோக்களைப் பிடித்துக்கொண்டேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, வீட்டம்மா வேறு மாதிரி சந்தேகப்படுகிற அளவுக்குப் போய்விட்டது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3414 என்றிருந்தது. 2014, 34-ஆவது வாரம். பட்டன் தேயவில்லை, ஆனால் ரப்பர் கிழம். நாலு டயர் விலையைக் கழித்துக்கொண்டேன். மைல் கணக்குக் கட்டத்தில் 'விலக்கு' என்று போட்டிருந்தது. 2010 மாடல் வரைக்கும் உள்ள வண்டிகளுக்கு விற்கிறவன் மைலுக்கு உறுதி சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே விட்டிருக்கிறது. சரி, பிரேக் பெடல் ரப்பர் என்ன சொல்கிறது? வரி வரியாகக் கோடு அப்படியே இருந்தது. டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கம் தோல் லேசாகத்தான் மங்கியிருந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை என்று முடிவுக்கு வந்தேன். வெள்ளத்தில் முங்கின வண்டியாக இருந்தால் சீட் அடியில் போல்ட் தலைகள் துருப்பிடித்திருக்கும். சுத்தமாக இருந்தது. வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணில் பத்தாவது எழுத்து டபிள்யூ, அதாவது 1998, சரியாகத்தான் இருந்தது. அந்த எண்ணை வைத்து நீதித்துறை மேற்பார்வையில் நடக்கிற தேசியப் பத்திரப் பதிவிலும் தேடினேன். வெள்ளம், விபத்து, உடைப்புக்குப் போனது என்று எந்த முத்திரையும் விழவில்லை.

போட்டோவில் வராதது வாசனை ஒன்றுதான். அதற்குப் பதிலாக, பின்கதவு ஜன்னல் திரையில் வலது ஓரமாகக் காப்பித் தண்ணி நிறத்தில் ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. கூரை ஒழுகுகிறது! அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தைரியமே வந்தது. ஒழுக்கு இருக்கும் என்று தெரிந்துதான் போகிறோம். எங்கே என்று தெரிந்துவிட்டால் விலை பேசலாம் அல்லவா?

எஞ்சின் எஞ்சின் என்று எல்லோரும் அதன் பின்னாலேயே ஓடுகிறார்கள் மாப்ளே. இந்த எஞ்சினுக்குச் சாமான் எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவன். ஆனால் அந்தக் கூரையும் ஜன்னலும் சோபா மோட்டாரும் செய்த பட்டறை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவன் போட்ட வயரிங்குக்கு வரைபடம் யாரிடமும் இல்லை. இந்த வண்டியின் ஆயுசு கூரையை அறுத்தவன் கையில்தான் இருக்கிறது. இதை ஏலத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பதில்லை, அதனால்தான் எனக்கு விலை படிந்தது.

டீலர் லைசென்ஸ் இல்லாததால் புரோக்கர் வழியாகக் கேட்டேன். 1,900 டாலருக்கு விழுந்தது. அதோடு முடிந்ததா? வாங்குபவர் கட்டணம், கேட் கட்டணம், இணையத்தில் கேட்டதற்கு ஒரு கட்டணம், புரோக்கருக்கு ஒன்று. 2,600 தாண்டிவிட்டது. லாரி வாடகை தனி. சீக்கிரம் எடுத்துப் போகாவிட்டால் நாள் வாடகை வேறு. கேட்கும்போது நம் மனசில் ஒரு எண் இருக்குமே, அதில் கட்டணங்களையும் லாரியையும் டயரையும் முதலிலேயே கழித்துவிட்டுத்தான் கையைத் தூக்க வேண்டும். நான் கழித்திருந்தேன். வீட்டம்மா கழிக்கவில்லை. அது வேறு கதை.

75-ஆம் நெடுஞ்சாலை வழியாக லாரி நேரே வடக்கே வந்தது. லாரிக்காரர் பஞ்சாபி. இறக்கும்போது 'ஓடும், நகரும்' வண்டி ஓடவும் இல்லை, நகரவும் இல்லை. வின்ச் போட்டு இறக்கினோம். பேட்டரிதான். வேறு பேட்டரி மாட்டினதும் எஞ்சின் அடித்தது பார், அந்தச் சத்தம்... நீ கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார். அவருக்கு எண்பதுகளில் இதே மாதிரி ஒன்று இருந்ததாம். ஒரு மணி நேரம் இடத்தை விட்டு நகரவில்லை. நிற்க இடம்தான் பிரச்சினை: எங்கள் கராஜ் கதவு 7 அடி, வண்டி அதைவிட உயரம். வாசலில்தான் நிற்கிறது, கோயில் தேர் மாதிரி என்கிறாள் பெரியவள்.

பத்திரம் மாற்ற ஓஹையோவில் கோர்ட் குமாஸ்தா அலுவலகத்துக்குப் போகவேண்டும், தெரியுமா? வெளி மாநில வண்டியென்றால் முதலில் எண்ணைச் சரிபார்த்துச் சீட்டு வாங்க வேண்டும். போனேன், வரிசையில் நின்றேன், முடிந்தது.

இனிமேல்தான் உன்னிடம் கேட்க வேண்டியது. கவனமாகப் படி.

ஒழுகுவது கூரையின் பின்பக்கம் உச்சியில் இருக்கிற மூன்றாவது பிரேக் விளக்கு வழியாக. ஸ்க்ரூக்களைக் கழற்றி விளக்கை எடுத்தால், அடியில் இருந்த நுரை கேஸ்கெட் விரலில் பொடியாகிறது. சுற்றிலும் ஒழுகாமல் அடைக்க யார் யாரோ பூசின பசை, சீலன்ட். மேலே கண்ணாடி மாதிரி சிலிக்கான், அதற்குக் கீழே கறுப்புத் தார், அதற்கும் கீழே வெள்ளையாக இன்னொரு சிலிக்கான். வண்டியின் ஜாதகமே அங்கே இருக்கிறது. உள்ளே தகரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். டங் என்றது. தகரம் தப்பித்துவிட்டது. ஆனால் ஃபைபரும் தகரமும் சேர்கிற மூட்டில், பின்பக்கம் ஒரு முழம் நீளத்துக்கு இதே சிலிக்கான் பூச்சு. அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது என்பது எனக்குத் தெரியும். முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாலியூரித்தேன் போடட்டுமா? வெயிலில் ஃபைபர் ஒரு அளவு விரியும், தகரம் ஒரு அளவு. அந்த இழுப்புக்கு அது தாங்குமா, இல்லை பிசின் மாதிரி ஒட்டுகிற ப்யூட்டைல் டேப் வைத்து மேலே பூச வேண்டுமா? நீங்கள் பஸ் கூரையில் கேரியர் அடியில் என்ன போடுகிறீர்கள்? பிராண்ட் பெயர் வேண்டாம், என்ன வகை என்று மட்டும் சொல்.

சோபா மோட்டார் ஃபியூஸைத் தேடி வலது பக்க மரப் பலகையைக் கழற்றினேன். பின்னால், தகரத்தின் மேல் பென்சிலில் அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தான் அந்த எல்கார்ட் ஆசாமி. பக்கத்தில் கூட்டல் கணக்கு வேறு, தப்பாகக் கூட்டி அடித்துத் திருத்தியிருக்கிறான். உன் பட்டறையில் தகட்டின் மேல் சாக்பீஸால் கணக்குப் போடுவாரே உன் பெரிய மேஸ்திரி, அவர் ஞாபகம்தான் வந்தது.

மாப்ளே, தாடி இன்னொன்றும் சொன்னான். பட்டறையை மூடலாமா என்று யோசிக்கிறாயாமே? கம்பெனிக்காரனே முழு பஸ்ஸாகக் கட்டிக் கொடுக்கிறான், சின்னப் பட்டறைக்குச் சேசிஸ் வருவது குறைந்துவிட்டது என்று. என்னிடம் நீ சொல்லவில்லை. சொல்லாதது எனக்குக் கொஞ்சம் வலித்தது, அதை விடு. எல்கார்ட்டிலும் வேன் வேலை இப்படித்தான் போனது. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வீட்டு வண்டி கட்டுகிற தொழிலும் பக்கத்திலேயே இருந்தது, அதே கைகள் அங்கே போயின. அதுவும் நிம்மதியாக ஓடவில்லை. 2009-இல் அங்கே வேலையில்லாதவர்கள் கிட்டத்தட்ட நூற்றுக்கு இருபது பேர், பதவியேற்ற கையோடு ஒபாமாவே போய் நிற்கவேண்டி வந்தது. மறுபடி எழுந்துவிட்டார்கள். இன்றைக்கும் அமெரிக்காவின் வீட்டு வண்டிகளில் பெரும்பகுதி அந்த ஊரையும் அக்கம்பக்கத்தையும் சேர்ந்ததுதான். உன்னாலும் முடியும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் உபதேசம் பண்ண மாட்டேன். சம்பளம் கொடுக்கிற தேதியின் பயம் உனக்குத்தான் தெரியும். நடமாடும் மருத்துவமனை, கேரவன் மாதிரி ஆர்டர் ஏதாவது கேட்டுப் பார்த்தாயா, இல்லையா? அதை மட்டும் சொல். மூடுவதாகவே இருந்தாலும் மேஸ்திரியின் அளவு நோட்டுகளையும் அட்டை மாதிரிகளையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதே. நீ கட்டின பஸ் இன்னும் எத்தனை வருஷம் ஓடுமோ, கூரை ஒழுகினால் யாராவது உன்னைத் தேடி வருவான்.

அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் என் நமஸ்காரம். கூரை விஷயத்துக்கு முதலில் பதில் போடு, இங்கே அடுத்த வாரம் முழுக்க மழை என்கிறான். பட்டறை விஷயத்துக்கு எழுத வேண்டாம், போன் பண்ணு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

உன்,
பேட்டரி