பிரஷர் பார்ப்பவர்கள் இதையும் கேட்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளில் பிரம்பு மறுபடியும் வேண்டும் என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், என்ன கெட்டுப் போய்விட்டோம் என்று கேட்கிறார். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நிறையப் பேர் கெட்டுத்தான் போயிருக்கிறார்கள் ஐயா. நாற்பது வயதுக்கு மேல் பிரஷராகவும் தூக்கமின்மையாகவும் குடியாகவும் அது வருவதால், யாரும் பழைய அடியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980களில் உடல் பருமனுக்குச் சிகிச்சை கொடுத்து வந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். விசாரித்தபோது, அவர்களில் பலர் சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அப்புறம் அவரும் ராபர்ட் ஆண்டா என்ற இன்னொரு மருத்துவரும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முதல் முடிவு 1998இல் வந்தது. அடி, ஓயாத வசவு, பாலியல் தொல்லை, அம்மா அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடி என்று சின்ன வயதில் என்னென்ன நடந்தது என 9,500க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டிருந்தார்கள். இப்படி நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களைவிட குடிக்கு அடிமையாவதும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் 4 முதல் 12 மடங்கு அதிகம். இதய நோயும் நுரையீரல் நோயும்கூட அதிகம்.

இதில் மாயமில்லை. பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ஆபத்து போனதும் இறங்கும். அப்பா எப்போது எந்த நிலையில் வருவாரோ என்று தினமும் வாசலைப் பார்த்தபடி வளரும் பிள்ளைக்கு அது சரியாக இறங்குவதே இல்லை, வளர்ந்த பிறகும் உடம்பு காவல் காத்துக்கொண்டே இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது குடும்பத்துக்குள் நடப்பதுதான். கணவர் களைப்பில் பேசாமல் இருந்தால்கூட, நான் என்ன தப்பு செய்தேன் என்று நடுங்குகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். தட்டு கீழே விழுந்த சத்தத்துக்குக் கத்திவிட்டு, பிறகு தனியே உட்கார்ந்து அழுகிற ஆண்களும் உண்டு. அன்பாகப் பேசினால் இவர் எதற்கு அடிபோடுகிறார் என்று சந்தேகம் வரும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒருநாள் மொத்தமாக வெடிப்பார்கள், வீட்டில் இருப்பவர்களுக்கோ இது வெறும் கோபக்காரக் குணமாகத்தான் தெரியும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த ஊர் இது. கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது, வீட்டுக்குள் யார் தடை செய்வது?

எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. பாட்டியோ மாமாவோ ஒரு டீச்சரோ, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரே ஒரு ஆள் இருந்தால்கூட எத்தனையோ பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள், பெரியவர்களான பிறகு ஆலோசனையும் சிகிச்சையும் எடுத்துத் தேறியவர்களும் உண்டு.

ஆகவே சுகாதாரத் துறைக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள், நல்ல காரியம். மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்களிடமும் தூக்கமே வராதவர்களிடமும் சிறுவயது எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது வாசலில் வைத்துக் கேட்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியறையில் கேளுங்கள். கேட்ட பிறகு உட்கார்ந்து பேச ஒரு ஆலோசகர் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புண்ணைக் கிளறிவிட்டு அனுப்பியதாகிவிடும். அதுவரைக்கும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும், குழந்தைகளுக்கான 1098ஐயும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் அச்சடித்தாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்