கயிறு புடிச்சவங்களுக்கும் கடலை ஆட்டுனவங்களுக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். நேத்து கடைசி ஷோ முடிஞ்சு செட்டைப் பிரிச்சு பலகையெல்லாம் வண்டில ஏத்திட்டு வந்து படுத்தா தூக்கமே வரல, ஒவ்வொருத்தர் முகமா வந்துட்டே இருந்துச்சு, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். யார் பேரும் போடல, படிக்கும்போது உங்களுக்கே தெரிஞ்சிடும்.

நாடகம் பாக்காதவங்களுக்காக ரெண்டு வரி. கேப்டன் கிட்னு ஒருத்தர், கடற்கொள்ளைக்காரங்கள புடிச்சிட்டு வான்னு அனுப்பப்பட்ட ஆளு, கடைசில அவரையே கொள்ளைக்காரன்னு சொல்லி 1701 மே 23 அன்னைக்கு லண்டன்ல தேம்ஸ் கரையில தூக்குல போட்டாங்க. முதல் தடவை கயிறு அறுந்து உயிரோட கீழ விழுந்துட்டாரு, திரும்ப ஏத்தி இன்னொரு தடவை போட்டாங்க, இது நெசமாவே நடந்தது. அந்த ரெண்டு கயித்துக்கும் நடுவுல கிடைச்ச கொஞ்ச நேரத்தைத்தான் நாங்க ஒன்றரை மணி நேரமா இழுத்து, சிரிக்கவும் வெச்சு வயித்தையும் கலக்குற மாதிரி ஒரு நாடகமா போட்டோம்.

முதல் நன்றி கயிறு கட்டுன அண்ணனுக்கு. தூக்கு சீன்ல ஆளோட வெயிட்டு முழுக்க கோட்டுக்குள்ள போட்டிருக்கற பெல்ட்டுலதான் நிக்கும், கழுத்துல இருக்கற சுருக்கு லேசா இழுத்தாலே கழண்டு வந்துடும். அண்ணன் தினமும் மணல் மூட்டையை தொங்கவிட்டுப் பாப்பாரு, அப்புறம் அவரே தொங்கிப் பாப்பாரு, அதுக்கப்புறம்தான் நடிகரை பக்கத்துலயே விடுவாரு. மூணாவது ஷோ அன்னைக்கு கொக்கியில முடி மாதிரி ஒரு கீறல், என் கண்ணுக்கு அது தெரியக்கூட இல்ல, இன்னைக்கு இந்த சீன் கிடையாதுன்னு சொல்லிட்டாரு. ஹவுஸ்ஃபுல் அன்னைக்கு இப்படி பண்றீங்களேன்னு நான் கோவமா கத்திட்டேன். அண்ணே, அதுக்கு மன்னிச்சிடுங்க. ஒவ்வொரு ராத்திரியும் எங்க ஹீரோ உங்களாலதான் பத்திரமா வீட்டுக்குப் போனாரு.

தையல் அக்கா, பழைய திரைச்சீலையை வெட்டி கேப்டன் கோட்டு தெச்சீங்க. சர்க்கரைப் பாகுல கலர் கலந்து ரத்தம்னு நாங்க ஊத்த, அது பிசுபிசுன்னு காய்ஞ்சு கோட்டு ஃபுல்லா எறும்பு. வாயில படாத இடத்துக்கு மட்டும் பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து ஊத்துங்க, கறை சுலபமா போயிடும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க, அதுக்கப்புறமும் தினமும் ராத்திரி நீங்களே துவைச்சீங்க.

அப்புறம் கடலா இருந்த ரெண்டு தம்பிங்க. ஒன்றரை மணி நேரமும் மேடையோட ரெண்டு ஓரத்துலயும் முட்டி போட்டு நீலத்துணியை ஆட்டிட்டே இருந்தீங்க, உங்க முகத்தை ஒருத்தரும் பாக்கல. கேப்டன் கீழ விழற நொடியில அந்தத் துணி அப்படியே அசையாம நின்னுச்சே, அப்ப அரங்கமே மூச்சைப் புடிச்சுட்டு இருந்துச்சு, அது நீங்க பண்ணது. சாவிக்கொத்தை எங்க கையிலயே குடுத்துட்டு ராத்திரி எவ்வளவு நேரம் வேணாலும் ஒத்திகை பாருங்கன்னு சொன்ன தியேட்டர்க்காரருக்கும், டிக்கெட் கிழிச்சவங்களுக்கும், மழையில கூட வந்தவங்களுக்கும் நன்றி.

கடைசியா ஒரு பெரியவர். கொள்ளைக்காரங்க கப்பல்ல உறுப்பு போனா நஷ்ட ஈடு உண்டு, 17ஆம் நூற்றாண்டுல வலது கைக்கு 600 வெள்ளிக்காசு, இடது கைக்கு 500, ஒரு கண்ணுக்கு 100, ஒரு விரலுக்கும் 100னு எழுதி வெச்சிருந்திருக்காங்க. எங்க நாடகத்துல வர்ற கணக்குப்பிள்ளை அதை ஏலம் விடற மாதிரி படிக்கறப்ப மொத்த சனமும் சிரிக்கும், அன்னைக்கு எல்லாரையும் விட சத்தமா சிரிச்சவர் முன்வரிசையில இருந்த அந்தப் பெரியவர்தான். ஷோ முடிஞ்சு வந்து என் கையைப் புடிச்சாரு, அவர் கையில ரெண்டு விரல் இல்ல. "மிஷின்ல போச்சும்மா, எனக்கு ஒண்ணும் குடுக்கல, உங்க கொள்ளைக்காரங்க ரொம்ப நல்லவங்க"ன்னு சொல்லிட்டு திரும்பவும் சிரிச்சாரு. எனக்கு பேச்சே வரல. ஐயா, அன்னைக்கு சொல்லாம விட்ட நன்றியை இப்ப சொல்றேன், அந்த சீனை எதுக்கு எழுதுனேன்னு எனக்கே அப்பதான் புரிஞ்சுது, அடுத்த நாள்ல இருந்து கணக்குப்பிள்ளை விரல்னு வர்ற வரில ஒரு நொடி நிறுத்திட்டுதான் படிச்சாரு.

கோட்டு நாலும் அக்கா வீட்டு மாடியில காயுது, நீலத்துணியும் மடிச்சு பத்திரமா இருக்கு. வேற குழு யாராவது நாடகம் போடறதா இருந்தா கேளுங்க, சும்மாவே எடுத்துட்டுப் போங்க. கொக்கியை மட்டும் புதுசா வாங்கிக்கோங்க.