டீசல் ஹைபிரிட் லொறிக்குப் பிழையான எஞ்சின் ஒயில் ஊற்றியது தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,
மட்டக்களப்புக் கிளை.

ஐயா,

கடந்த மாதம் உங்கள் கிளையில், டீசல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்து ஓடும் என் டீசல் ஹைபிரிட் லொறிக்கு முழு சேர்விஸ் செய்வித்தேன். பில்லில் 'எஞ்சின் ஒயில் டிஎச்-2' (சாம்பல் குறைந்த டீசல் ஒயில் தரம்) என்று எழுதிக் காசு எடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஊற்றியது வேறு. பிறகு வந்து விசாரித்தபோது உங்கள் பொடியன் காட்டிய பீப்பாயில் தரம் சிஎப்-4, தடிப்பு 15டபிள்யூ-40 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "எல்லா லொறிக்கும் இதைத்தானே அண்ணே ஊத்துறம்" என்றார். அவர் ஒளிக்காமல் சொன்னார், அவரில் எனக்குக் கோபம் இல்லை. பில் எழுதியவர் யார் என்பதுதான் கேள்வி.

சிஎப்-4 என்பது 1990இல் வந்த தரம். பழைய லொறிகளுக்கு அது போதும். என் லொறியின் புகைக்குழாயில் டிபிஎப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அது கரியைப் பிடித்து வைத்து, சூடேறும்போது எரித்துவிடும். ஒயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்க்கைகளின் சாம்பலோ எரியாது, உள்ளேயே படிந்து கிடக்கும். அதனால்தான் ஜப்பானின் ஜாசோ தரத்தில் டிஎச்-2 ஒயிலுக்குச் சாம்பல் ஏறக்குறைய 1 சதவீதம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். சிஎப்-4இல் அப்படி ஒரு கட்டுப்பாடே இல்லை. கெபினைச் சரித்தால் ஒயில் ஊற்றும் மூடிக்குப் பக்கத்திலேயே டிஎச்-2 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஜப்பான் மொழி தெரியாவிட்டாலும் அந்த எழுத்தையும் இலக்கத்தையும் வாசிக்கலாம்.

அடுத்தது, 10,000 கிலோமீற்றர் என்று கதவில் ஒட்டிவிட்ட உங்கள் ஸ்டிக்கர். முன்பு நான் அதில் பாதி ஓட்டத்திலேயே ஒயில் மாற்றுவேன். ஏன் கூட்டினீர்கள் என்று கேட்டதற்கு, "ஹைபிரிட்தானே, எஞ்சின் பாதி நேரம் ஓய்வு, ஒயில் கனகாலம் கிடக்கும்" என்று கவுண்டரில் விளக்கம் தந்தார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் என் ஓட்டத்தைப் பாருங்கள்: சம்மாந்துறையில் அரிசி ஏற்றி, கல்முனை, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று கடைக்குக் கடை நின்று இறக்குகிறேன். ஒவ்வொரு இடத்திலும் எஞ்சின் நின்று, திரும்ப எழும்புகிறது. இப்படி ஓடினால் ஒயில் நன்றாகச் சூடாகாது, அதில் சேரும் ஈரமும் டீசலும் ஆவியாகிப் போகாது. அதோடு, டிபிஎப் கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசல் பீச்சும். எரிப்பு முடிவதற்குள் நான் அடுத்த கடையில் நிறுத்திவிட்டால், அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஒயிலுக்குள் போய்விடும். ஒயிலின் தடிப்பு குறையும், அளவு கூடும்.

அதுதான் இப்போது நடக்கிறது. ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, தொட்டு மணந்தால் டீசல் மணம். இதைச் சொன்னபோது கிடைத்த பதில்: "ஒயில் குறையல்லையே, கூடித்தானே இருக்கு!" சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

வாகனத்தின் கைநூல், கடும் பாவனையில் ஒயில் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்கிறது. குறுகிய ஓட்டம், அடிக்கடி நிறுத்துதல், புழுதி, பாரம் என எல்லாமே எனக்குப் பொருந்தும். நம்முடைய வெயிலைச் சொல்லத் தேவையில்லை.

பில்டர் விடயம். ஒயில் பில்டர் மாற்றியதாகப் பில் சொல்கிறது, பழையதைக் கேட்டால் எறிந்துவிட்டோம் என்கிறீர்கள். இனி வாடிக்கையாளர் கண்முன் காட்டாமல் எறியாதீர்கள். இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு அணைய முன்னைவிட நேரம் எடுக்கிறது. போட்ட பில்டரில், நிறுத்திய பின் ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். மரை பொருந்துகிறது என்பதற்காக எல்லா பில்டரும் ஒன்றல்ல. ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பில்டரை யாருமே தொடவில்லை. அதைத் திறந்தபோது உமியும் புழுதியும் பாய்போல் படிந்திருந்தது. பெரும்போக வெட்டுக் காலத்தில் வயல் பக்கம் ஓடும் லொறிக்கு இது நடக்கத்தான் செய்யும். முழு சேர்விஸ் என்றால் அதையும் பார்ப்பதுதானே முறை?

எனக்கு வேண்டியது: இந்த ஒயிலை வடித்து, டிஎச்-2 தர ஒயிலை முத்திரை உடைக்காத கானில் என் முன்னிலையில் ஊற்றி, சரியான ஒயில் பில்டரும் பற்றரி பில்டரும் செலவில்லாமல் போட்டுத் தர வேண்டும். டிபிஎப்பின் அழுத்தத்தைக் கணினியில் பார்த்து அச்செடுத்த தாளும் வேண்டும். ஊற்றாத ஒயிலுக்கு எடுத்த காசைத் திருப்பித் தாருங்கள். கதவில் உள்ள ஸ்டிக்கரையும் மாற்றுங்கள்.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் அதற்குமேல் காத்திருக்க மாட்டேன். பில்லின் பிரதியும் டிப்ஸ்டிக், பீப்பாய், பற்றரி பில்டர் படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
லொறி உரிமையாளர்,
களுவாஞ்சிகுடி.