குரல் திரும்பியதும் முதலில் சொல்ல வேண்டியவை

அன்புள்ள எல்லோருக்கும்,

பேச முடிகிறது. முன்பிருந்த குரல் இல்லை இது. கொஞ்சம் கரகரக்கிறது, மேலே போனால் உடைகிறது. ஆனாலும் நேற்றுப் பின்னேரம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்ற பக்கத்து லயத்து வரிசை வீட்டு அக்காவை எங்கள் வாசல் இஸ்தோப்பிலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இனி இந்த மடலைத் தள்ளிப்போட முடியாது என்று அப்போதுதான் தோன்றியது.

கழுத்தில் வந்தது என்ன, கண்டியில் என்ன செய்தார்கள், நடுவில் எது கைமீறிப் போகப் பார்த்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அந்த ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய நின்றவர்கள். அதை மறுபடி எழுதி உங்களைக் கலங்க வைக்க எனக்கு மனமில்லை. நன்றி மட்டும் சொல்கிறேன்.

பேர் போட்டு எழுதினால் யாராவது விடுபட்டுப் போவார்கள். அதனால் பேர் போடவில்லை. சம்பளத்தன்று மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த, நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் பெண்களுக்கு முதல் வணக்கம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வேண்டும் என்று எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம், 2021இல்தான் அது கிடைத்தது. அதிலும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். அந்தக் காசிலிருந்து பிரிந்து வந்த நூறு ரூபாய்க்கு என்ன கனம் என்று எனக்குத் தெரியும், நானும் கூடை தூக்கியவள். பெட்ரோல் காசுகூட வாங்காமல் கண்டிக்கும் வீட்டுக்குமாக ஓடிய ஓட்டோ தம்பிமார், ரத்தம் கொடுக்க வந்த பொடியன்கள், கஞ்சியும் ரசமும் மாறி மாறிக் கொண்டுவந்த லயத்து வீடுகள், நாடகத்தில் என் பாத்திரத்தை ஒரே இரவில் பாடம் பண்ணி மேடையேறிய குழுப் பிள்ளை, கடல் தாண்டியிருந்து பணம் அனுப்பிய நம் ஊர் பிள்ளைகள், பேச்சுப் பயிற்சி தந்த மிஸ், கோயிலிலும் சேர்ச்சிலும் பள்ளிவாசலிலும் எனக்காகக் கேட்டவர்கள், எல்லோருக்கும் என் கை கூப்பு. உங்களுக்குத் தனித்தனியாக எழுதாததால் கடன் சின்னது என்று ஆகிவிடாது.

ஒருவரைப் பற்றி மட்டும் நீட்டி எழுதப்போகிறேன். அவர் செய்தது பணக்கணக்கில் மிகச் சிறியது. உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது, அவர் வெளியே சொல்லியிருக்க மாட்டார்.

ஹட்டன் பஜாரில் ஒரு சந்துக்குள் அவருடைய தையல் கடை. எங்கள் நாடகக் குழுவுக்கு வெகுகாலமாக உடுப்புத் தைப்பவர், வயதான முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் வெளியே போன முதல் இடம் அதுதான். கழுத்தைச் சுற்றி மப்ளர். குரல் அப்போது சுத்தமாக இல்லை. ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: கழுத்து மூடிய ரவிக்கை வேண்டும், கொலர் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு உயரம். தாளையும், துணியையும், அளவுக்கு ஒரு பழைய ரவிக்கையையும் அவர் முன்னால் வைத்தேன். வாசித்தார். என் மப்ளரைப் பார்க்கவில்லை. “எப்ப வேணும் தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார்.

பார்சலை வீட்டில் வந்துதான் பிரித்தேன். உள்ளே இரண்டு ரவிக்கை. ஒன்று நான் கேட்டபடி கொலர் வைத்தது. தையல் போட்ட இடத்தில் உரசாமல் இருக்க கொலருக்கு உட்பக்கம் பழைய மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்திருந்தார். அதை நான் கேட்கவேயில்லை. மற்றது அதே நிறம், அதே துணி, என் பழைய அளவில் கழுத்து இறங்கியது. பில்லில் ஒன்றுக்குத்தான் கூலி.

நான் கொடுத்த துணியில் ஒரு ரவிக்கைதான் வரும். நாடகத்துக்குத் துணி எடுத்து எடுத்து அந்த அளவு எனக்குக் கைப்பாடம். ஆகவே கடை கடையாக ஏறி அதே துணியைத் தேடி அவர் தன் காசில் எடுத்திருக்க வேண்டும். மறுநாள் காசோடு போனேன். வாங்கவில்லை. “துணி மிச்சம் இருந்திச்சி தங்கச்சி. ஒண்டு இப்பத்தைக்கு. மத்தது ஒங்களுக்கு எப்ப மனசு வருதோ அப்பத்தைக்கு. அது எப்பண்டு நான் சொல்லேலா” என்றார். சொல்லிவிட்டு மிஷினில் குனிந்துகொண்டார்.

இது ஏன் என்னை இப்படிப் போட்டு உலுக்கியது என்று சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் என் கழுத்தைப் பற்றி எல்லோரிடமும் ஒரு முடிவு இருந்தது. பவுடர் போட்டால் தெரியாது, கவலைப்படாதே என்றார்கள் சிலர். மறைக்காதே, பெருமையாகக் காட்டு, நீ பிழைத்து வந்ததற்கு அடையாளம் என்றார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் அன்பில்தான் பேசினார்கள், அதில் எனக்குச் சந்தேகமேயில்லை. ஆனால் இரண்டு பக்கமும் எனக்காகத் தீர்மானித்துவிட்டுத்தான் பேசினார்கள். வாய்திறந்து பதில் சொல்லவும் முடியாமல் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நானா ஒருவர்தான் தீர்மானத்தை என் கையிலேயே விட்டார். அதற்கு வசதியாக இரண்டையும் தைத்தும் கொடுத்தார்.

நடிகையாக இருந்தவளுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று நடிகைகளுக்குத்தான் முழுசாகப் புரியும். என் உடம்பைப் பற்றி மற்றவர்கள் தீர்மானித்ததுதான் என் தொழில் வாழ்க்கையின் பாதிக் கதை. சின்ன வயதில் மாசி மாசம் வந்தால் காமன் கூத்துப் பார்க்கக் குந்துவோம். தப்பு மேளச் சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு நிற்காது. மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுகிற அழுகையில் லயமே சேர்ந்து அழும். அந்த ரதி ஒரு மாமா. காப்புக் கட்டி விரதமிருந்து சேலை கட்டி ஆடுவார். அவரைவிட நன்றாக அழுதவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அந்த மரியாதை எனக்கு இப்போதும் உண்டு, அந்தச் சடங்கில் கை வைக்கிற எண்ணம் எனக்கில்லை. ஆனால் ரதியின் பாட்டு முழுக்க எனக்குப் பாடம். நானும் ஆடுகிறேன் என்று சொன்ன அன்றைக்கு வீட்டில் விழுந்த அடியும் பாடம்.

பிறகு பள்ளிக்கூட மேடை, வீதி நாடகம், தொழிற்சங்கக் கூட்டங்களில் போட்ட சிறு நாடகங்கள் என்று ஒரு வழியாக ஆடத்தான் செய்தேன். டெலிடிராமாவுக்கும் கூப்பிட்டார்கள். அங்கே என் நிறத்துக்கு மேலே இரண்டு படி வெளுப்பாகப் பவுடர் அடித்தார்கள். கதாநாயகி வீட்டு வேலைக்காரியாக வரும்போது அந்தப் பவுடரையும் துடைத்துக் கரி பூசினார்கள். தோட்டத்துப் பெண் என்றால் கிழிந்த சேலை, கலைந்த தலை, ஒரே அழுகை. எங்கள் பெண்கள் மலைக்குப் போகும்போது எவ்வளவு சீராக இடுப்பில் படங்கு கட்டி, பொட்டு வைத்து, தலை வாரிப் போவார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சொன்னால் கேட்கவும் இல்லை. நாற்பதைத் தாண்டியதும் அதுவும் நின்று, செத்துப்போகிற அம்மா பாத்திரம்தான் வந்தது.

ரம்பொடைப் பக்கம் பஸ் போகும்போதெல்லாம் நான் ருக்மணி தேவியை நினைப்பேன். 1923இல் அந்த ஊரில் கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை. 1947இல் வந்த முதலாவது சிங்களப் பேசும் படத்தின் நாயகி அவர்தான். பாடகியாகவும் நாட்டையே ஆண்டார். நம் மலையில் பிறந்தவர் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2025 மே மாசம் சிங்கள நடிகை மாலினி பொன்சேகா இறந்துபோனபோது டிவி முன்னால் குந்தி அழுதேன். மேடையிலிருந்து சினிமாவுக்குப் போய், 1978இல் சிவாஜிக்கு ஜோடியாக நடித்து, படம் இயக்கி, கடைசியில் பாராளுமன்றத்திலும் இருந்தவர். வயது ஏற ஏற அவர் முகத்தில் எனக்கு அழகு கூடித்தான் தெரிந்தது.

எல்லோருக்கும் முன்னால் எனக்கு மீனாட்சி அம்மாள். அவருடைய கணவர் நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கட்டிய அந்தக் காலத்தில், பெண் வாய் திறந்தாலே குற்றம் என்றிருந்தபோது, அவர் மேடை மேடையாக ஏறித் தான் எழுதிய பாட்டைப் பாடினார். பேச்சு எட்டாத காதுக்குள் அவர் பாட்டு போயிருக்கிறது. குரல் இல்லாமல் கிடந்த ராத்திரிகளில் நான் அதிகம் நினைத்தது அவரைத்தான். பாட முடியாமல் போனால் நான் யார் என்று பயந்து கிடந்தேன். அவருக்கு ஒலிபெருக்கியா இருந்தது, பனியிலும் மழையிலும் நின்று எத்தனை நாள் தொண்டை கட்டியிருக்கும், அப்போது என்ன செய்திருப்பார் என்று யோசிப்பேன். பதில் கிடைக்காவிட்டாலும் பயம் கொஞ்சம் குறையும்.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. மாரியம்மனுக்கும் தோட்டத்துச் சாமி ரோதமுனிக்கும் நேர்ந்திருக்கிறேன், அந்தக் கடனைத் தீர்ப்பேன். அதோடு இன்னொரு நம்பிக்கையும் எனக்குண்டு. மேடையில் நிற்கிற உடம்பு பொய் சொல்லக் கூடாது. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி எங்கள் அம்மாமாரின் உச்சந்தலையில் முடி தேய்ந்திருக்கும். கொழுந்துச் சாயம் விரல் வெடிப்பில் கறுப்பாக ஏறியிருக்கும். அட்டை கடித்த தழும்பு காலில் இருக்கும். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்து 2023இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்தபோது நானும் கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தேன். அந்தக் காலத்தில் காட்டு வழியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்களின் கால் எப்படி இருந்திருக்கும் என்பதே மனதில் ஓடியது. அவர்களைப் படம் எடுத்தவர் எவருமில்லை. அவர்களை ஆடிக் காட்ட ஆசைப்படுகிறவள் தன் தழும்பை மறைப்பதா காட்டுவதா என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. காட்டுகிற நாளில் அது என் நாளாக இருக்க வேண்டும். மூடுகிற நாளிலும் அப்படியே. இப்போதைக்குக் கொலர் வைத்த ரவிக்கையைத்தான் போடுகிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இந்த நன்றியை வாயால் மட்டும் சொல்லி முடிக்கக் கூடாது என்று இரண்டு வாக்குக் கொடுக்கிறேன்.

ஒன்று, கிழிந்த சேலையில் அழுவதற்கு மட்டும் கூப்பிடுகிற பாத்திரத்துக்கு இனி நான் போக மாட்டேன். எங்கள் பெண்களைப் பற்றி எழுதுகிறவர் ஒரு நாளாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு எழுதட்டும், அப்புறம் பேசலாம். மற்றது இன்னும் பெரியது. டொக்டர் சரி என்று சொன்ன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையில் பெண்பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறேன். அந்தக் குழுவில் எந்தப் பிள்ளைக்கும் அவளைக் கேட்காமல் உடுப்பு முடிவாகாது. பவுடரும் அப்படித்தான். ஒரு பிள்ளை கையைக் காட்ட வேண்டாம் என்றால் நீளக் கை தைப்போம். காட்டுகிறேன் என்றால் அதற்கேற்பத் தைப்போம். ஊர் என்ன சொல்லும் என்று வீட்டில் தடுத்தால் நானே வந்து அம்மாவோடும் அப்பாவோடும் பேசுவேன். எனக்கு அன்று அப்படி வந்து பேச ஒருவரும் இருக்கவில்லை.

நானாவிடம் இதைச் சொன்னேன், இப்போது குரல் இருக்கிறதே. பிள்ளைகளின் உடுப்பைத் தானே தைப்பதாகச் சொன்னார், இந்தமுறை கூலி வாங்க வேண்டும் என்று சண்டை பிடித்து ஒத்துக்கொள்ள வைத்தேன். நானா, மேடையில் எத்தனையோ வசனம் பேசியிருக்கிறேன், உங்களுக்கு நன்றி சொல்ல மட்டும் எனக்குச் சரியான வசனம் வரவில்லை. உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஆண்டவன் நீண்ட சுகம் தரட்டும்.

கடைசியாக ஒரு காரியம். நீங்கள் சேர்த்துத் தந்த பணத்தில் ஆஸ்பத்திரிப் போக்குவரத்து, மருந்து, பரிசோதனைச் செலவு எல்லாம் போக மிச்சம் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. கீழ் டிவிஷனில் கண் ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கும் ஆயாவுக்குக் கொடுப்பதென்று பணம் சேர்த்த தம்பிமாரோடு பேசி முடிவெடுத்தோம். வரவு செலவு முழுவதும் எழுதி மாரியம்மன் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வீட்டுக்கே வாருங்கள், சாயத்தண்ணி குடித்துக்கொண்டே பேசலாம். மெதுவாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்
நாடகக்கார அக்கா